ஒரே பிள்ளை, மூன்று பதிவு, 11 ஊசி: பினாங்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2024 டிசம்பர். பினாங்குத் தீவில் நான் தாதியாக வேலை பார்த்த அரசுத் தாய்சேய் கிளினிக்கில் எண் வாங்கிக் காத்திருந்தவர்களில் ஓர் இளம் அம்மா. மடியில் 20 மாத ஆண் பிள்ளை. கையில் தடுப்பூசிப் பதிவுப் புத்தகம் இல்லை.

"புக்கு எங்கம்மா?" என்று கேட்டேன்.

"காணாமப் போச்சு மிஸ்ஸி. பாட்டி வீட்டுலேர்ந்து வர்றப்ப வாடகைக் கார்ல விட்டுட்டோம். ஆனா ஊசியெல்லாம் போட்டாச்சு. ஒண்ணும் விடல."

அவருக்கு அவசரம். அடுத்த வாரம் பிள்ளையைத் தஸ்காவில், அதாவது குழந்தைக் காப்பகத்தில், சேர்க்க வேண்டும்; அங்கே தடுப்பூசிப் பதிவின் நகல் கேட்டிருந்தார்கள். நான் எங்கள் பட்டியலைப் புரட்டினேன். எங்கள் கணக்கில் அவன் 16 மாதமாகச் 'சிச்சிர்'. தவணைக்கு வராமல் விடுபட்ட பிள்ளையை மலாயில் அப்படித்தான் சொல்வோம். மூன்றாம் மாத ஊசிக்குப் பிறகு அவன் பெயருக்கு நேராக ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

அம்மா சொல்வது ஒன்று, ஏடு சொல்வது ஒன்று. எது உண்மை என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வேலைநாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 2025-இல் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பெற்றோரிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என்னென்ன போட்டிருக்க வேண்டும்

மலேசியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டப்படி தீபகற்பத்தில் 20 மாதப் பிள்ளைக்கு 11 ஊசி முடிந்திருக்க வேண்டும். பிறந்தவுடன் காசநோய்க்கான பிசிஜி, கல்லீரல் அழற்சிக்கான ஹெப்படைட்டிஸ் பி. அப்புறம் 2, 3, 5, 18ஆம் மாதங்களில் ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி: தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான், போலியோ, ஹிப் (மூளைக்காய்ச்சல் தரும் ஒரு கிருமி), ஹெப்படைட்டிஸ் பி. 4, 6, 15ஆம் மாதங்களில் நிமோனியா தரும் கிருமிக்கு எதிரான நியூமோகாக்கஸ் ஊசி. 9, 12ஆம் மாதங்களில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர். குடிமக்களின் பிள்ளைகளுக்கு இவை அத்தனையும் அரசு செலவு. ஆறு நோய்க் கூட்டு ஊசியும் நியூமோகாக்கஸும் 2020-இன் கடைசியில்தான் திட்டத்துக்குள் வந்தன. அதற்கு முன்பு நியூமோகாக்கஸ் வேண்டுமானால் தனியாரிடம் பணம் கட்டித்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த அட்டவணையை வேலைக்குப் போகும் ஓர் அம்மாவின் நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. 98 நாள் என்றால் மூன்று மாதமும் சுமார் ஒரு வாரமும். 2, 3ஆம் மாத ஊசிகள் விடுப்புக்குள் வந்துவிடுகின்றன. 4, 5, 6 மூன்றும் வெளியே விழுகின்றன. விடுப்பு 60 நாளாக இருந்த காலத்தில் இரண்டாம் மாத ஊசிக்கே தடுமாறிய அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அந்தத் தடுமாற்றம் நான்காம் மாதத்துக்கு நகர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். விடுப்பு எந்த நாளில் முடிகிறது என்று முதலில் கேளுங்கள்.

இந்தப் பிள்ளை பிறந்தது 2023 ஏப்ரலில். அம்மா ஜெலுத்தோங்கில் ஒரு பேரங்காடியில் காசாளர். அப்பாவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்டு. ஜூலைக் கடைசியில் விடுப்பு முடிந்ததும் பிள்ளை பாலத்தைத் தாண்டிக் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணிப் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டான். நம் குடும்பங்களில் இது புதிதா என்ன? என் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

தேடியது

முதல் சான்று அவன் இடது கையிலேயே இருந்தது. பிசிஜி தழும்பு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஹெப்படைட்டிஸ் பி ஊசி தழும்பு எதையும் விட்டுப் போகாது. பிறந்த மருத்துவமனைக்குப் போன் செய்து, பிள்ளையின் அடையாள அட்டையான மைகிட்டின் எண்ணைச் சொன்னேன். "அப்படி யாரும் இல்லையே" என்றார்கள்.

எப்படி இருக்கும்? ஊசி போட்டபோது அவனுக்கு எண்ணே கிடையாது. பிறப்பைத் தேசியப் பதிவு இலாகாவில் பதிய 60 நாள் அவகாசம் உண்டு. 12 இலக்க எண் அதற்குப் பிறகுதான் வருகிறது. பிறந்த அன்று மருத்துவமனையில் அவன் பெயர் 'இன்னாரின் குழந்தை'. தாயின் ஐசி (அடையாள அட்டை) எண்ணைச் சொல்லி மறுபடியும் கேட்டேன். இரண்டே நிமிடத்தில் தேதியோடு பதில் வந்தது.

2, 3ஆம் மாத ஊசிகள் எங்கள் ஏட்டிலேயே இருந்தன. அதற்குப் பிறகு இருட்டு.

அப்போது அம்மாவுக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. அடுத்த தவணை எப்போது என்று பாட்டி கேட்டபோது, புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். 2023 அக்டோபர் படம். அதில் 4ஆம் மாத நியூமோகாக்கஸும் 5ஆம் மாதக் கூட்டு ஊசியும் கெடாவில் உள்ள ஒரு கிளினிக்கின் முத்திரையோடு இருந்தன. இரண்டாவது ஊசியின் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்களிடம் புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண், "ஞாயித்துக்கிழமை கிளினிக் ஏதுக்கா?" என்று சந்தேகப்பட்டாள். கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு வேலைநாள். அந்த அம்மாவுக்கு ஞாயிறு லீவு. ஆகவேதான் அந்த ஒரு ஊசிக்கு மட்டும் அவரே கூட இருக்க முடிந்தது. பினாங்கில் வேலை பார்த்து, கெடாவில் பிள்ளையை விட்டிருக்கும் பெற்றோருக்கு இது ஒரு வரம். இதை நாம் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதே இல்லை.

6ஆம் மாதத் தவணை நாளில் அவனுக்கு நல்ல காய்ச்சல். பிறகு வரச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. பிள்ளை பெற்றோரிடம் வந்திருந்தான். விடுபட்ட ஊசி மனதை உறுத்த, பெற்றோர் தனியார் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போய், கைக்காசு போட்டு நியூமோகாக்கஸ் போட்டுவிட்டார்கள். அட்டை அம்மாவின் பர்ஸில் இருந்தது. அதில் மருந்தின் பெயரும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள ஸ்டிக்கர்கூட ஒழுங்காக ஒட்டியிருந்தது. அந்த மருத்துவர் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்திருக்கிறார். ஆனாலும் எங்கள் ஏட்டிலும் அந்த ஊசி இல்லை, கெடா ஏட்டிலும் இல்லை.

எம்எம்ஆர் இரண்டையும் பற்றிப் பாட்டியிடம் போனில் கேட்டேன். "ரெண்டும் போட்டாச்சும்மா. ரெண்டாவது தடவ ராத்திரி பூரா தூக்கி வெச்சிக்கிட்டே இருந்தேன்." நான் அவர் சொன்னதை நம்பினேன். ஆனால் எழுத்தில் இல்லாத ஊசியைப் போட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதி சரியானது. நினைவு தவறினால் விலை கொடுப்பது பிள்ளை.

கெடா கிளினிக்குக்குப் போன் செய்தேன். மைகிட் எண்ணைச் சொன்னேன், இல்லை. பெயரைச் சொன்னேன், அதுவும் இல்லை. முத்திரை குத்தியது அவர்கள்தான், படம் என் கையில் இருக்கிறது, ஆனால் பிள்ளை அங்கே இல்லை! கடைசியில், "தேதியை வெச்சிப் பாருங்க மிஸ்ஸி, அவன் முதல் பிறந்தநாளுக்கு முன்னப் பின்ன ரெண்டு வாரம்" என்று கெஞ்சிக் கேட்டேன். அவரும் பாவம், வரிசையில் ஆளிருக்க, நேரம் ஒதுக்கித் தேடினார். மறுநாள் மாலை கூப்பிட்டார். கிடைத்துவிட்டது.

பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர் ரோமன் எழுத்தில் 'டி'யும் 'எச்'சும் சேர்த்துத் தொடங்குகிறது. அங்கே 'எச்' இல்லை. நடுவில் வர வேண்டிய 'ஏ/எல்' (இன்னாரின் மகன்) விடுபட்டு, அப்பா பெயர் பிள்ளை பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடையாள எண் கட்டத்தில் பாட்டியின் ஐசி எண். முதல் முறை பாட்டி பிறப்புப் பத்திரம் இல்லாமல் போயிருக்கிறார். கேட்ட எண்ணுக்குத் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறார். எம்எம்ஆர் இரண்டும் அந்தப் பெயரில் பத்திரமாக இருந்தன.

ஆக, போட்டவை ஒன்பது. போடாதவை இரண்டு: 15ஆம் மாத நியூமோகாக்கஸ், 18ஆம் மாதக் கூட்டு ஊசி. அம்மா பொய் சொல்லவில்லை. 2024 நடுவில் பாட்டிக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக ஆளில்லை. பாட்டி போட்டிருப்பார் என்று அம்மா நினைத்தார். தீபாவளிக்குத் தனியாரில் போட்ட ஊசியை முன்கூட்டியே போட்டதாகப் பாட்டி கணக்கு வைத்துக்கொண்டார். இருவரும் பொறுப்பானவர்கள். இருவர் கையிலும் முழுக் கணக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் இரண்டு தொடையிலும் ஒவ்வோர் ஊசி போட்டோம். இடைவெளி எவ்வளவு ஆகியிருந்தாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புதுப் புத்தகத்தில் 11 வரியையும் நானே எழுதினேன்.

பிழை எங்கே

எங்கள் ஏட்டை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றாவது கூட்டு ஊசி மறுபடியும் ஒன்று, எம்எம்ஆர் இரண்டு, நியூமோகாக்கஸ் தேவைக்கு மேல் ஒன்று. நான்கு ஊசி அதிகம். பிள்ளைக்கு அதனால் பெரிய கெடுதல் வராது. ஆனால் மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய நான்கு டோஸ் வீணாகியிருக்கும், அவனும் நான்கு முறை சும்மா அழுதிருப்பான். அம்மா சொன்னதை மட்டும் நம்பியிருந்தால்? இரண்டு பூஸ்டர் இல்லாமல், முப்பது பிள்ளைகள் இருக்கும் தஸ்காவுக்குள் போயிருப்பான்.

புள்ளிவிவரத்தில் நடந்தது இன்னும் மோசம். எங்கள் கிளினிக்கில் அவன் விடுபட்ட பிள்ளை. எங்கள் தடுப்பூசி விகிதம் இறங்குகிறது. கெடாவில் அவன் கூடுதல் பிள்ளை. அங்கே பிறந்தவர்களின் எண்ணிக்கையில் அவன் இல்லை, போட்ட ஊசிகளின் எண்ணிக்கையில் மட்டும் இருக்கிறான். இப்படிச் சேரச் சேரத்தான் சில இடங்களில் விகிதம் நூறைத் தாண்டி நிற்கும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. யார் யாரென்று தெரியாமல் எண்ணுகிறோம் என்பதன் அடையாளம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவனைத் தேடி இரண்டு முறை அந்த அடுக்குமாடிக்குப் போயிருக்கிறேன். ஒருமுறை லிப்ட் ஓடவில்லை, ஒன்பது மாடி ஏறினேன். கதவு பூட்டியிருந்தது. அம்மாவின் பழைய எண் வேலை செய்யவில்லை. நான் மாடியேறிய அந்த நேரத்தில் அவன் கெடாவில் ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கலாம். அந்தப் பொழுதை உண்மையாகவே விடுபட்ட வேறொரு பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனம் வருந்துகிறது.

தட்டம்மையை அடக்கி வைக்க ஏறக்குறைய 95 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்காவது பாதுகாப்பு வேண்டும். போலியோ இல்லாத நாடு என்று 2000-இல் மலேசியாவுக்குச் சான்று கிடைத்தது. 1992-க்குப் பிறகு ஒரு நோயாளிகூட இல்லை. 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ வந்தது. மொத்த விகிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், விடுபட்டவர்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் நோய் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். அதற்கு முன்னால் அந்த இடத்தை நாம் கண்டுபிடிக்க வேண்டும். பதிவேடு இருப்பது அதற்காகத்தான்.

மற்ற இடங்களில்

அமெரிக்காவில் 1989 முதல் 1991 வரை தட்டம்மை பரவி, 55,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரித்தபோது, நோய் வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஊசி போடாதவர்கள், அவர்களில் பலர் முன்பே ஏதோ ஒரு மருத்துவரிடம் போய் வந்தவர்கள் என்று தெரிந்தது. அதன் பிறகு 1993-இல் ஒரு சட்டம் வந்து, 1994 முதல் வசதியில்லாத பிள்ளைகளுக்கு அரசே மருந்தை வாங்கித் தனியார் மருத்துவர்களிடமும் கொடுக்கத் தொடங்கியது. அங்கே ஒரே கிளினிக்கின் குளிர்பெட்டியில் அரசு மருந்தும் இருக்கும், மருத்துவர் காசு போட்டு வாங்கிய மருந்தும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு டோஸையும் பதியும்போது, இந்தப் பிள்ளை எந்த வகையில் இலவச மருந்துக்கு உரியவர் என்பதையும் மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டில் சேர்த்து எழுதுகிறார்கள். எழுதியதும் அந்த டோஸ் உரிய கையிருப்பிலிருந்து கழிகிறது.

இதில் எனக்குப் பிடித்தது பிள்ளைக் கணக்கும் மருந்துக் கணக்கும் ஒரே வரியில் இருப்பதுதான். நாங்கள் இரண்டு ஏடு வைத்திருந்தோம். ஒன்றில் பிள்ளைகள், மற்றொன்றில் மருந்து: வந்தது, போட்டது, கொட்டியது, மிச்சம். எம்எம்ஆர் குப்பியைக் கலந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சம் குப்பைக்கு. மாதக் கடைசியில் இரண்டு ஏடும் ஒத்துப்போகாமல் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்த நாட்கள் உண்டு. குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்கு வெளியே போய்விட்டால், அந்த லாட் எந்தெந்தப் பிள்ளைக்குப் போனது என்று கேள்வி வரும். காகித ஏட்டில் அதற்குப் பக்கம் பக்கமாக விரல் வைத்துத் தேட வேண்டும். இரண்டும் ஒரே பதிவாக இருந்தால் ஒரு தேடலில் முடிந்துவிடும்.

ஆஸ்திரேலியா 1996-இல் குழந்தைகளுக்கென்று தொடங்கிய தேசியப் பதிவேட்டை 2016-இல் எல்லா வயதினருக்குமாக விரித்தது. பக்கத்தில் சிங்கப்பூரிலும் தேசியப் பதிவேடு இருக்கிறது. பெற்றோர் தாங்களே நுழைந்து பார்க்கலாம்.

நான் எல்லாரிடமும் எடுத்துச் சொல்வது தமிழ்நாட்டு முறையைத்தான். அங்கே கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடனேயே தாய்க்கு ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அந்த எண் வேண்டும். குழந்தை பிறக்கும்போது அதன் பதிவு ஏற்கெனவே திறந்து காத்திருக்கிறது. எங்கள் பிள்ளை 'இன்னாரின் குழந்தை'யாகத் தொலைந்துபோன அந்த முதல் நாள் அங்கே தொலைவதில்லை.

இங்கே என்ன செய்யலாம்

பினாங்கிலும் அம்மாக்கள் கர்ப்ப காலத்திலேயே கிளினிக்குக்கு வந்து பதிகிறார்கள். அவர்களுடைய ஐசி எண் எங்களிடம் இருக்கிறது, பிரசவத் தேதி இருக்கிறது. பிள்ளையின் பக்கத்தை அன்றே திறந்துவிடலாம். பிறந்தவுடன் போடும் இரண்டு ஊசியும் அங்கே ஏறட்டும். மைகிட் எண் வந்ததும் அதே பக்கத்தில் சேரட்டும். தேடும்போது பெயரை நம்பவே கூடாது. நம் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத நான்கு வழி உண்டு, 'ஏ/எல்', 'ஏ/பி' (இன்னாரின் மகள்) ஒரு கணினியில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. தாயின் எண், பிள்ளையின் எண், பிறந்த தேதி: இந்த மூன்று போதும்.

தனியார் மருத்துவர் போட்ட ஊசியும் அதே பக்கத்துக்கு வர வேண்டும், யார் செலவில் போட்டது என்ற குறிப்போடு. அரசுக்கு எத்தனை டோஸ் வாங்க வேண்டும் என்றும் தெரியும், பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்றும் தெரியும். இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் அந்தத் தீபாவளி ஊசி யார் கணக்கிலும் வரவில்லை.

செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் கோவிட் காலத்தை நினைத்துப் பார்க்கட்டும். முதல் ஊசி பினாங்கில், இரண்டாவது ஜொகூரில் என்று போட்டுக்கொண்டவர்களுக்கும் அரசின் மைசெஜாத்ரா செயலியில் இரண்டும் ஒரே திரையில் தெரிந்தன, லாட் எண் உட்பட. பெரியவர்களுக்குச் செய்ததுதானே? பிள்ளைகளுக்கு ஒரே ஒரு படிதான் கூடுதல்: எண் வருவதற்கு முந்தைய அந்த நாட்கள்.

எண்ணே வராத பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்யாமல், தாயும் குடிமகளாக இல்லாவிட்டால், பிள்ளைக்குக் குடியுரிமை கிடைப்பதில்லை. கையில் சிவப்புப் பிறப்புப் பத்திரம். நம் சமூகத்தில் இது எத்தனை வீட்டுக் கதை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மைகிட் எண் இருந்தால்தான் கணினி ஏற்றுக்கொள்ளும் என்று ஆக்கிவிட்டால், எந்தப் பிள்ளையை முதலில் தேட வேண்டுமோ அந்தப் பிள்ளை பட்டியலிலேயே இருக்காது. பத்திரத்தின் நிறம் எதுவானாலும் பதிவில் ஒரு பக்கம் திறக்க வேண்டும். கட்டணம், தகுதி பற்றிய கேள்விகள் வேறு கட்டத்தில் இருக்கட்டும்.

இந்த நிகழ்வில் அந்தப் பிள்ளைக்காக ஐந்து நாளில் நான் செய்த போன் அழைப்புகள் 14. அவற்றில் ஒன்றுகூட மருத்துவம் பற்றியதல்ல. எல்லாமே, இவன்தான் அவன் என்று நிரூபிப்பதற்காக.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா தஸ்காவுக்கான நகலை வாங்கிக்கொண்டார். புதுப் புத்தகத்தின் அட்டையில் பிள்ளையின் எண்ணைத் தடித்த பேனாவால் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, ஊசிப் பக்கத்தைப் படமெடுத்துப் பாட்டிக்கு அனுப்பினார்.

"அடுத்தது எப்ப மிஸ்ஸி?"

"ஏழு வயசுல, பள்ளிக்கூடத்துல. 2030."

அவர் அதையும் அட்டையில் எழுதிக்கொண்டார்.